‘அமைந்துள்ளன’ என்று நான் சொல்லிக்கொடுத்த வரி

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலிருந்து, தோலையும் குடலையும் போர்த்தியிருக்கும் மேலணி இழையம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் நான் ஒரே வரியைத்தான் சொல்லி எழுதவைத்திருக்கிறேன்: “மேலணிக் கலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, அடித்தள மென்சவ்வின் மீது அமைந்துள்ளன.” ஒட்டுசுட்டானில் ஓட்டுக்கூரையின் கீழும், இடம்பெயர்ந்த காலத்தில் மரத்தடியிலும், திரும்பி வந்தபின் சுவரில்லாத கொட்டகையிலும் இந்த வரி மாறவில்லை. பிள்ளைகள் எழுதினார்கள், பரீட்சையில் புள்ளி கிடைத்தது. ‘அமைந்துள்ளன’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மேசைமேல் புத்தகம் இருப்பதுபோலக் கலம் மென்சவ்வின்மேல் இருக்கிறது என்பதே எங்கள் எல்லாருடைய மனத்திலும் இருந்த படம். அந்தப் படம் எவ்வளவு பிழையானது என்பதை எனக்குக் காட்டியது, என் தாயாரின் வலது தொடையில் வந்த ஒரு கொப்புளம்.

அம்மாவுக்கு அப்போது 81 வயது. முள்ளியவளையில் எங்கள் வளவிலேயே இருந்தார். முதலில் வந்தது கடி மட்டுந்தான். மூன்று மாதமாக இரவில் தூக்கமில்லாமல் சொறிந்துகொண்டிருந்தார், வேப்பெண்ணெய் பூசினார், சவர்க்காரத்தை மாற்றினார், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு ஒரு காலை, தேசிக்காய் அளவில் ஒரு நீர்க்கொப்புளம் எழும்பி நின்றது. அடுத்த கிழமை இரண்டு கைகளிலும் வயிற்றிலும் வந்தது. அயல்வீட்டு அக்கா அம்மாள் வருத்தம் என்று முடிவுசெய்து படலையில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார். அம்மா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. “அம்மாள் எனக்குச் சின்ன வயசில வந்தது தம்பி. அது தொட்டா உடையும். இது பார், தண்ணி நிரப்பின பை மாதிரி இறுகிக் கிடக்கு, படுத்து உருண்டாலும் உடையிதில்லை” என்றார். எழுதப் படிக்கத் தெரிந்ததோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் சொன்ன அந்த அவதானம்தான் நோயை இனங்காண்பதற்குத் தேவையான முதலாவது அவதானம் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

தோல் வைத்தியர் கொப்புளத்தைப் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். வாய்க்குள் புண் இருக்கிறதா, நீரிழிவுக்கு என்ன குளிசை எடுக்கிறார், கடி எப்போது தொடங்கியது என்று கேட்டார். நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் கிளிப்டின் வகைக் குளிசைகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதால் அந்தக் கேள்வி. நான் உயிரியல் ஆசிரியர் என்று அறிந்ததும் கிளினிக் துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டு கோடுகளை வரைந்தார். மேற்கோடு மேற்றோல், கீழ்க்கோடு உட்தோல். “சேர், கொப்புளத்தின்ர கூரை மெல்லிசு என்றால் தளர்ந்து தொங்கும், லேசா உடையும். கூரை முழு மேற்றோலுமாக இருந்தால் இப்பிடி இறுகி நிக்கும். அம்மாவுக்கு மேற்றோல் முழுசா அடித்தளத்தில இருந்து கழண்டு வருது” என்றார். நோயின் பெயர் புல்லஸ் பெம்பிகொயிட். இதையும் இதனோடு குழப்பப்பட்டு வந்த பெம்பிகஸ் என்னும் மற்றொரு நோயையும் 1953 இல் பிரித்துக் காட்டியவர் வோல்டர் லெவர் என்னும் தோல் மருத்துவர். பெம்பிகஸில் கலங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடிதான் விடுபடுகிறது, அடிக்கலங்கள் தம் இடத்தைவிட்டு அசைவதில்லை. அந்தத் தோலை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், மேலிருந்த கலங்கள் எல்லாம் கழன்றுபோன பிறகும் அடி வரிசைக் கலங்கள் மட்டும் மென்சவ்வில் கால் ஊன்றி நிற்கும். கல்லறைக் கற்களின் வரிசை என்று நோயியலாளர் அதைச் சொல்கிறார்கள். பெம்பிகொயிட்டில் நேர்மாறு: கலங்கள் தமக்குள் கைகோத்தபடியே இருக்கின்றன, எல்லாமாகச் சேர்ந்து நிலத்தை விடுகின்றன.

பக்கத்துக் கலத்தைப் பிடிப்பது ஒரு பிடி, அடியைப் பிடிப்பது வேறொரு பிடி, இரண்டும் வெவ்வேறு பொருளால் ஆனவை, ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும் என்பது அன்று அந்தக் கிளினிக் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக இரண்டையும் ஒரே மூச்சில் கடந்துபோயிருக்கிறேன்.

அடியைப் பிடிக்கும் பிடியைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கவேண்டும். மேற்றோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பு மட்டுமே உடையது. அதன் அடி வரிசைக் கலங்களுக்குக் கீழே இருக்கும் அடித்தள மென்சவ்வு அதிலும் எத்தனையோ மடங்கு மெல்லியது. ஏறக்குறைய 100 நானோமீற்றருக்குள் அடங்கிவிடும் அது, ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். பாடசாலை நுணுக்குக்காட்டியில் அதன் உள்ளமைப்பு தெரியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டிகள் வந்த பிறகுதான், அடிக்கலத்தின் கீழ்ப்பக்கம் நெடுகிலும் சின்னச் சின்ன கரிய திட்டுகள் இருப்பதும், அந்த இடங்களில் மட்டும் கலம் மென்சவ்வோடு இறுகப் பிணைந்திருப்பதும் தெரிந்தது. இரண்டு கலங்களுக்கு இடையிலான டெஸ்மோசோம் என்னும் பொருத்தின் ஒரு பாதிபோலத் தோற்றமளித்ததால் ஹெமிடெஸ்மோசோம், அதாவது அரை டெஸ்மோசோம், என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோற்றத்தை நம்பி வைத்த பெயர் இது. பின்னர் புரதங்களைப் பிரித்தறிந்தபோது, டெஸ்மோசோமில் கலத்துக்கு வெளியே நீண்டு பிடிப்பவை கட்ஹெரின் குடும்பத்தவை என்றும், ஹெமிடெஸ்மோசோமில் பிடிப்பது இன்டெகிரின் என்னும் வேறொரு குடும்பம் என்றும் தெரிந்தது. ஆனாலும் பெயர் பெயராகவே நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் குளம் தூர்ந்து வயலான பிறகு ஊர்ப்பெயரில் குளம் இருக்கிறதுதானே.

இன்டெகிரின் என்ற சொல் 1986 இல் ரிச்சர்ட் ஹைன்ஸின் ஆய்வுக்குழுவினர் சூட்டியது. கலத்தின் உள்ளேயிருக்கும் வன்கூட்டையும் வெளியே கலங்களைச் சூழ்ந்திருக்கும் தாயம் என்னும் பொருளையும் ஒன்றாக இணைப்பது என்ற கருத்தில் அந்தப் பெயர் வந்தது. இந்த வாங்கிகளைக் கண்டறிந்ததற்காக ஹைன்ஸ், எர்க்கி ருஓஸ்லாதி, திமதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022 இல் லஸ்கர் விருது கிடைத்தது. இன்டெகிரின் எப்போதும் சோடியாக வரும், ஓர் அல்பாவும் ஒரு பீட்டாவும். ஹெமிடெஸ்மோசோமில் இருப்பது அல்பா-6 பீட்டா-4. மற்றப் பீட்டாக்களின் வால் கலத்துக்குள் ஐம்பது சொச்சம் அமினோ அமிலங்களோடு முடிந்துவிடும். பீட்டா-4 இன் வாலோ ஆயிரத்துக்கும் மேல். இவ்வளவு நீளமான வால் எதற்கு என்றால், கலத்துக்கு உள்ளேயிருந்து வலுக்கொடுக்கும் கெரற்றின் என்னும் புரத நார்களைப் பிடித்துவைப்பதற்கு. பிடிக்கும் வேலையை நேரடியாகச் செய்பவை பிளெக்ரின், பி.பி. 230 என்னும் இரண்டு புரதங்கள். அவை ஒரு கையால் கெரற்றின் நாரையும் மறு கையால் இன்டெகிரினையும் பிடிக்கின்றன. இன்டெகிரினோடு கூடவே கலமென்சவ்வை ஊடுருவிக்கொண்டு நிற்பது பி.பி. 180. அது உண்மையில் கொலாஜன் என்னும் நார்ப்புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது, 17 ஆம் வகை. கிருமிகளை எதிர்க்கவேண்டிய பிறபொருளெதிரியை அம்மாவின் உடல் தன் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே உண்டாக்கியிருந்தது, முக்கியமாக இந்தப் பி.பி. 180 க்கு எதிராகத்தான்.

கலத்துக்கு வெளியே வந்தால் இன்டெகிரின் பற்றிக்கொள்வது மென்சவ்வில் உள்ள லாமினின் என்னும் புரதத்தை. லாமினினை 1979 இல் முதலில் பிரித்தெடுத்தவர்கள் ரூபர்ட் டிம்பிளும் ஜோர்ஜ் மார்ட்டினும் அவர்களோடு வேலைசெய்தவர்களும். சுண்டெலியில் வளரும் ஒரு கட்டி அடித்தள மென்சவ்வுப் பொருளை அளவுக்கு மீறிச் சுரந்ததால் அது இலகுவாயிற்று. சிலுவை வடிவிலான மூலக்கூறு என்று புத்தகங்களில் படம் போட்டிருக்கும். தோலில் இருக்கும் லாமினின்-332 அந்தச் சிலுவையின் சில கைகள் குறுகிப்போன வகை. வெவ்வேறு ஆய்வுகூடங்கள் இதைத் தனித்தனியே கண்டுபிடித்துத் தனித்தனிப் பெயர் சூட்டின: கலினின், எபிலிக்ரின், நைசின். மூன்றும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சக் காலம் எடுத்தது. லாமினினுக்குக் கீழே 4 ஆம் வகைக் கொலாஜன் வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. அந்த வலையிலிருந்து 7 ஆம் வகைக் கொலாஜன் நார்கள் உட்தோலுக்குள் இறங்குகின்றன.

இந்தக் கடைசிக் கண்ணியை விளக்கத்தான் எனக்கு ஓர் உவமை தேவைப்பட்டது, அது புத்தகத்தில் கிடைக்கவில்லை. 2009 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கடற்கரையில் தறப்பாள் கட்டியவர்களுக்கு மணலில் முளை நிற்காது என்பது தெரியும். எவ்வளவு ஆழமாக அடித்தாலும் ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே முழங்கையளவு குழி தோண்டி, ஒரு தடியைக் கிடையாகக் கிடத்தி, அதைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து, மேலே மணலைப் போட்டு மிதித்துவிடுவோம். கயிறு இழுபடும்போது தடி தனியாக வராது, அதன்மேல் கிடக்கும் மணல் முழுவதையும் தூக்கினால்தான் வரும். 7 ஆம் வகைக் கொலாஜன் செய்வதும் இதற்குக் கிட்டிய வேலைதான். 400 நானோமீற்றருக்கும் மேல் நீளமான இந்த மூலக்கூறுகள் இரண்டிரண்டாகவும் பின்னர் கற்றைகளாகவும் சேர்ந்து, மென்சவ்விலிருந்து கீழே வளைந்து, உட்தோலின் தடித்த கொலாஜன் நார்களைத் தம் வளைவுக்குள் கோத்துக்கொண்டு, பல இடங்களில் திரும்பவும் மேலேறி அதே மென்சவ்வில் முடிகின்றன. தோலை இழுத்தால் இழுவை கெரற்றினில் தொடங்கி, பிளெக்ரின், இன்டெகிரின், லாமினின், வலை, கயிறு என்று இறங்கி, உட்தோலின் நார்த்திரளில் பரவிக் கரைந்துபோகிறது. பசை என்று எதுவும் இந்த வரிசையில் இல்லை. ஒன்றையொன்று கவ்வும் கொளுக்கிகள்தான் முழுவதும்.

கண்ணிகளை இப்படி வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு, தோல் எந்த மட்டத்தில் கழன்றது என்று கேட்டால் எந்தக் கண்ணி அறுந்தது என்று சொல்லிவிடலாம். ஆய்வுகூடத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை அறிந்தபோது எனக்கு ஆனையிறவு உப்பளம் நினைவுக்கு வந்தது. வெட்டியெடுத்த நல்ல தோல்துண்டை ஒரு மூல் செறிவுள்ள சோடியம் குளோரைட்டுக் கரைசலில் குளிரில் ஊறவைத்தால், மேற்றோலும் உட்தோலும் ஹெமிடெஸ்மோசோமுக்குச் சற்றுக் கீழே, லாமினின் மட்டத்தில், சுத்தமாகப் பிரிந்துவிடும். பிரிந்த துண்டின்மீது நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் பூட்டிய பிறபொருளெதிரியால் தேடிப்பார்ப்பார்கள். கூரைப் பக்கம் ஒளிர்ந்தால் குற்றவாளி பி.பி. 180 போன்ற மேல்கண்ணி. தளப் பக்கம் ஒளிர்ந்தால் 7 ஆம் வகைக் கொலாஜன் போன்ற கீழ்க்கண்ணி. ஒரு மூல் என்றால் லீற்றருக்கு 58.5 கிராம் உப்பு. கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு, ஆகவே கடல்நீரைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளையும் பாத்திகளின் நீர் இதைவிட எத்தனையோ மடங்கு உப்புச் செறிந்தது. அப்படியென்றால் அங்கே வேலை செய்பவர்களின் கால் உரிந்துவிடாதா என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. உயிருள்ள தோலின் மேலே இறந்த கெரற்றின் படை வேலிபோல நிற்கிறது, உப்பு உள்ளே போய்ச் சேராது. வெட்டிய துண்டுக்கோ விளிம்பெல்லாம் திறந்து கிடக்கிறது.

இந்தச் சோதனையை அம்மாவிடம் விளக்கியபோது அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்ப என்ர தோலை உப்புத் தண்ணியில ஊறப்போட்டு நெத்தலி மாதிரிக் காய விடப்போறாங்களோ” என்று கேட்டார். இல்லை, அந்தத் துண்டு வேறொருவருடையது, உங்களுடைய இரத்தத்தை அதில் விட்டுப் பார்ப்பார்கள் என்றேன். அது இன்னும் மோசம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

கூரைப் பக்கம் ஒளிர்ந்தது என்று முடிவு வந்தது. அதில் எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. பிரிவு எந்த மட்டத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே தழும்பு வருமா வராதா என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது. பெம்பிகொயிட்டில் மேற்றோல் கழன்றாலும் அடித்தள மென்சவ்வின் பெரும்பகுதி தளத்திலேயே தங்கிவிடுகிறது. புதிய கலங்கள் வந்து காலூன்ற நிலம் பழையபடி இருக்கிறது, ஆகவே புண் தழும்பில்லாமல் ஆறும். 7 ஆம் வகைக் கொலாஜன் மட்டத்தில் பிரிந்தால் மென்சவ்வே கூரையோடு போய்விடும். கீழேயுள்ள உட்தோல் வெறுமையாகி, தழும்போடுதான் மூடும். ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மேலே பிரிந்ததா கீழே பிரிந்ததா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

பிறபொருளெதிரி வந்து ஒட்டியதால் மட்டும் கொளுக்கி கழன்றுவிடுகிறது என்று நான் முதலில் நினைத்தேன். அதைவிடச் சிக்கலானது. அது ஒட்டியதும் நிர்ப்பீடனத் தொகுதி அங்கே கலவரம் நடக்கிறது என்று எண்ணி வெண்குழியங்களை அனுப்புகிறது, அவை கொட்டும் நொதியங்கள் அந்த மட்டத்தை அரித்துவிடுகின்றன. அதனால்தான் பரந்த நோயிலும் வீரியமான ஸ்டீரொயிட் களிம்பை உடல் முழுவதும் பூசுவது பயன் தருகிறது. பிரான்ஸில் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு, பரந்த பெம்பிகொயிட்டில் குளிசையைவிடக் களிம்பே உயிரைக் காப்பதில் மேல் என்று காட்டியது. அம்மாவுக்கும் களிம்புதான். பெரிய கொப்புளங்களைத் தாதி சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டு, கூரைத் தோலைக் கிள்ளி எறியாமல் அப்படியே படியவைத்தார். உரித்துவிட்டால் நல்லதல்லவா என்று நான் கேட்டேன். இதைவிட நல்ல கட்டுத்துணி எங்களிடம் இல்லை என்றார்.

இடையில் என்னுடைய ஒரு பழைய பிழையையும் சொல்லிவிடவேண்டும். சிரமதானத்தன்று மண்வெட்டி பிடித்த பிள்ளைகளின் உள்ளங்கையில் வரும் கொப்புளத்தைக் காட்டி, மேற்றோல் அடித்தளத்திலிருந்து கழன்றதற்கு இது உதாரணம் என்று பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். உராய்வுக் கொப்புளம் அங்கே பிரிவதில்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் மேலே தடித்த இறந்த படை, கீழே இறுக்கமான பிடி. இடையில் உள்ள முட்கலப் படை என்னும் மேற்றோலின் நடுப்படைதான் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து களைத்துக் கிழிகிறது. அதாவது அந்தக் கொப்புளம் அடித்தளப் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கே சாட்சி, அது விட்டுப்போனதற்கு அல்ல. பொய்க்கால் அணிபவர்களுக்கு உறை உராயும் இடத்தில் வருவது பற்றியும் நான் இதே விளக்கத்தைச் சொல்லி வந்திருக்கிறேன், அதையும் இங்கே மீளப்பெறுகிறேன்.

பிறவியிலேயே ஒரு கண்ணி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்று 1886 இல் ஹைன்ரிக் கோப்னர் பெயரிட்ட இந்த நோய்க்குழு, நான் மேலே எழுதிய வரிசையை அப்படியே பின்பற்றுகிறது. கெரற்றின் 5 அல்லது 14 பழுதானால் அடிக்கலமே உள்ளே கிழிகிறது. லாமினின்-332, பீட்டா-4 அல்லது பி.பி. 180 பழுதானால் சந்தியில் பிரிகிறது. 7 ஆம் வகைக் கொலாஜன் பழுதானால் மென்சவ்வுக்குக் கீழே பிரிந்து, கடுமையான வடிவில் விரல்கள் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. உடுப்பு உரசினாலே போதும். சிரியாவிலிருந்து குடும்பத்தோடு ஜேர்மனிக்குத் தப்பிவந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் 2015 இல் அந்நாட்டின் போஹும் (Bochum) என்னும் நகரத்து மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். லாமினின்-332 இன் ஒரு சங்கிலியைக் குறிக்கும் பரம்பரையலகு அவனுக்குப் பழுது. இத்தாலியின் மொடெனாவில் மிக்கேலே டி லூக்காவின் குழுவினர், அவனிடமிருந்து 4 சதுர சென்ரிமீற்றர் தோலை எடுத்து, அதன் கலங்களுக்குச் சரியான பரம்பரையலகைப் புகுத்தி, தாள்தாளாக வளர்த்து அனுப்பினார்கள். மேற்றோலில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அதனால் மாற்றினார்கள். 2017 நவம்பரில் நேச்சர் சஞ்சிகையில் அது வெளியானபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், அவனுடைய தோல் இறுகப் பிடித்திருந்தது. 7 ஆம் வகைக் கொலாஜன் பழுதுக்கு, அதன் பரம்பரையலகைச் சுமந்த வைரசு கலந்த களிம்பு ஒன்றுக்கு அமெரிக்கா 2023 மே மாதம் அனுமதி கொடுத்தது. புண்ணில் பூசினால் கலங்கள் கயிற்றைத் தாமே திரித்துக்கொள்ளும்.

அம்மாவின் தொடையில் கூரை கிழிந்துபோன ஒரு புண் மூடிக்கொண்டு வந்ததை நான் நாள்தோறும் பார்த்தேன். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பான ஒரு மெல்லிய கரை உள்நோக்கி நகர்ந்தது, நடுவிலும் மயிர்க்கால்கள் இருந்த இடங்களில் சின்னத் தீவுகள் தோன்றின. நகரவேண்டுமென்றால் கலம் முதலில் தன் பிடியை விடவேண்டும். பீட்டா-4 இன் நீண்ட வாலில் பொசுபேற்றுக் கூட்டங்கள் ஏறும்போது பிளெக்ரினின் பிடி தளர்கிறது, ஹெமிடெஸ்மோசோம் கலைகிறது. பிறகு கலம் வேறு வகை இன்டெகிரின்களை முன்னே நீட்டுகிறது. பீட்டா-1 வகையான இவை கெரற்றினை விட்டுவிட்டு அக்ரின் இழைகளோடு டாலின், வின்கியூலின் போன்ற புரதங்கள் வழியாகத் தொடுத்துக்கொள்பவை. இந்தப் பிடி நிரந்தரமானதல்ல. முன்னே ஒன்று உருவாகும், அக்ரின் இழுக்கும், பின்னே ஒன்று அவிழும். ஹெமிடெஸ்மோசோம் கட்டிவைத்த கயிறு என்றால் இது ஏணியில் ஏறுபவனின் கை. நகரும் கலம் போகும் வழியெல்லாம் லாமினின்-332 ஐச் சுரந்து, தானே பாய் விரித்துத் தானே அதன்மேல் நடக்கிறது. புண் மூடியதும் அதே பாயில் மீண்டும் ஹெமிடெஸ்மோசோம்களைக் கட்டிக்கொண்டு நிலைகொள்கிறது. புதிய தோல் சில காலம் இலகுவில் கழன்றுவிடக்கூடியதாக இருப்பது, இந்தக் கட்டுகள் எல்லாம் முதிர நாளெடுப்பதால்தான்.

பிடி என்பது இழுவைக்கு எதிராக நிற்பதற்கு மட்டும் உரியதும் அல்ல. தன் கீழே நிலம் இருக்கிறதா, அது வன்மையானதா மென்மையானதா என்று இன்டெகிரின் வழியாகவே கலம் அறிகிறது. இருக்கிறது என்ற செய்தி வந்துகொண்டிருந்தால்தான் அது பிழைக்கும், பெருகும். செய்தி நின்றால் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு இறந்துவிடும். 1994 இல் ஃபிரிஷ், ஃபிரான்சிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் மேலணிக் கலங்களில் இதைக் காட்டி, அனொய்கிஸ் என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் வீடற்ற நிலை என்று பொருள். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது நான் வேகமாகக் கடந்துவிடுவேன். எத்தனை இடம் மாறினோம் என்று வீட்டில் விரல் மடக்கி எண்ணுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னால் அந்தச் சொல் தானாக ஓர் உவமையை இழுத்துக்கொண்டு வரும். அந்த உவமை பொருந்தாது. கலம் அப்படி இறப்பது உடலுக்கு நன்மை. குடலின் மேலணி மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முற்றாகப் புதுப்பிக்கப்படுகிறது. கழன்ற கலம் ஒவ்வொன்றும் சாகாமல் வேறெங்காவது போய்க் குடியேறினால் என்ன ஆகும் என்பதற்குப் புற்றுநோய்தான் விடை. பரவும் புற்றுக்கலம் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தைகளில் ஒன்று, நிலமில்லாமல் உயிரோடிருப்பது.

கடந்த தவணையில் இந்தப் பாடத்தை மூன்று பாடவேளை எடுத்துப் படிப்பித்தேன். கரும்பலகையில் பழைய வரியை எழுதி, ‘அமைந்துள்ளன’ என்பதை வெட்டி, ‘பற்றிக்கொண்டுள்ளன’ என்று எழுதினேன். தறப்பாளையும் தடியையும் வரைந்தேன், உப்புக் கணக்கைச் செய்யவைத்தேன், அம்மா நெத்தலி பற்றிக் கேட்டதையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முடிவில் முன்வாங்கில் இருந்த, வழமையாக ஒன்றும் கேட்காத ஒரு பெடியன் எழும்பினான்.

“சேர், அப்ப சோதனையில எதை எழுதுறது?”

புள்ளித்திட்டத்தில் இருப்பது ‘அமைந்துள்ளன’. அதையே எழுதச் சொன்னேன். அவன் கொப்பியில், வெட்டிய சொல்லுக்கு மேலே அதை மறுபடியும் எழுதி, நான் எழுதிய சொல்லை அழிக்காமல் அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொண்டான்.